சுரண்டிய மண் எங்கே போகும்?

2011-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதி. ஜப்பானின் ஃபுகுஷிமா மாநிலத்தில் உள்ள கொரியாமா நகரில், தொடக்கப்பள்ளி ஒன்றின் திடலில் மண்வாரி இயந்திரங்கள் வேலை செய்துகொண்டிருந்தன. திடலைத் தோண்டவில்லை, மேல்மண்ணை மட்டும் சில சென்டிமீட்டர் அளவுக்குச் சுரண்டி எடுத்தன. சுரண்டிய இடத்தில் அளந்து பார்த்தபோது கதிர்வீச்சின் அளவு நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால், அந்த மண்ணைக் கொண்டுபோய்க் கொட்ட இடம் கிடைக்கவில்லை. நகராட்சி தன் குப்பை நிலத்துக்கு அனுப்ப எண்ணியது. அங்கே குடியிருந்தவர்கள், “எங்கள் ஊருக்கு வேண்டாம்” என்று மறுத்தார்கள். கடைசியில், பிள்ளைகளுக்கு ஆகாது என்று அகற்றப்பட்ட மண் அதே பள்ளியின் திடலிலேயே ஒரு மூலையில் குவிக்கப்பட்டு, மேலே விரிப்பு போட்டு மூடப்பட்டது.

கதிரியக்க மாசு படிந்த நிலத்தைத் துப்புரவு செய்வது எப்படிப்பட்ட வேலை என்பதை இந்த ஒரு குவியலே காட்டிவிடுகிறது. மண்ணைச் சுரண்டுவது சில நாள் வேலை. சுரண்டிய மண்ணுக்கு இடம் தேடுவது, பல ஆண்டுகள் கடந்தும் முடியாத வேலை.

காற்று போன வழி

2011 மார்ச் 11-ஆம் நாள் ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 9 என்ற அளவை எட்டிய நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை கடலோரத்தில் இருந்த ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்துக்குள் புகுந்தது. உலைகளைக் குளிர்விக்கும் கருவிகளுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. அணு உலைக் கட்டடங்களில் வெடிப்புகள் நிகழ்ந்தன. கதிரியக்கப் பொருள்கள் காற்றில் கலந்தன.

அரசாங்கம் முதலில் வரைபடத்தில் வட்டம் வரைந்தது. நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்று அறிவித்தது. ஆனால், காற்று வட்டம் பார்த்து வீசுவதில்லை. மார்ச் 15-ஆம் நாள் அது வடமேற்குப் பக்கமாகத் திரும்பியது. அன்று அப்பகுதியில் மழையும் பனியும் பெய்தன. காற்றில் மிதந்து வந்தவை மழையோடும் பனியோடும் தரையில் இறங்கின. 20 கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியே, மலைகளுக்கு நடுவே இருந்த இய்தாத்தே என்னும் சிற்றூர் இப்படித்தான் மாசுபட்டது. நெல்லும் காய்கறியும் மாடு வளர்ப்பும் அவ்வூர் மக்களின் பிழைப்பு. ஏறத்தாழ 6,000 பேர் வாழ்ந்த அந்த ஊர் ஏப்ரல் 22-ஆம் நாள்தான் வெளியேற வேண்டிய பகுதியாக அறிவிக்கப்பட்டது.

ஆகவே, துப்புரவுத் திட்டத்தின் முதல் வேலை அளப்பது. வானூர்தியில் கருவிகளைப் பொருத்திப் பறந்து அளந்தார்கள். வாகனங்களில் வைத்துத் தெருத் தெருவாக அளந்தார்கள். கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகவும் அளந்தார்கள். பொதுவாகத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அளப்பது வழக்கம். தொடக்கப்பள்ளிகளில் மட்டும் 50 சென்டிமீட்டர் உயரத்தில் அளந்தார்கள். சிறு பிள்ளைகளின் உடல் தரைக்கு அருகில் இருக்கிறது அல்லவா? ஒரே வீட்டு வளாகத்திலேயே அளவு இடத்துக்கு இடம் மாறியது. கூரைத் தண்ணீர் சொட்டும் இடம், வடிகால், பாசி படர்ந்த கல் ஆகியவற்றில் எண் சட்டென்று ஏறும். மழைநீர் எங்கெல்லாம் மாசைக் கொண்டுபோய்ச் சேர்த்ததோ, அங்கெல்லாம் ஏறும்.

ஏன் கழுவ முடியாது?

சேறு படிந்த சட்டையைத் துவைக்கிறோம். எண்ணெய் சிந்திய தரையைச் சவர்க்காரம் போட்டுத் துடைக்கிறோம். கதிரியக்க மண்ணை ஏன் அப்படிக் கழுவக்கூடாது?

காரணம் இரண்டு. முதலாவது, கதிரியக்கம் அணுவின் கருவிலிருந்து வருவது. நெருப்போ அமிலமோ சவர்க்காரமோ அணுக்கருவைத் தொடுவதில்லை. மாசு படிந்த இலைச் சருகை எரித்தால் சருகுதான் போகும். கதிரியக்கப் பொருள் சாம்பலில் தங்கிவிடும். முன்பு பத்துப் பைகளில் பரவியிருந்தது இப்போது ஒரு பைச் சாம்பலில் செறிந்திருக்கும். அதைக் குறைக்க வல்லது காலம் மட்டுமே. ஒரு கதிரியக்கப் பொருளின் அணுக்களில் பாதி சிதைவதற்கு ஆகும் காலத்தை அரை ஆயுள் என்கிறோம். ஃபுகுஷிமாவில் விழுந்த அயோடின் 131-இன் அரை ஆயுள் எட்டே நாள். சில மாதங்களில் அது இல்லாமலே போய்விட்டது. சீசியம் 134-க்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு. சீசியம் 137-க்கு 30 ஆண்டு. விபத்து நடந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு முப்பது வயதாகும்போதும் அந்தச் சீசியத்தில் பாதி மண்ணில் இருக்கும். அறுபது வயதாகும்போது கால் பங்கு இருக்கும்.

இரண்டாவது காரணம் மண்ணில் இருக்கிறது. களிமண்ணின் சில வகைகள் மெல்லிய ஏடுகள் அடுக்கிய புத்தகம் போன்றவை. சீசியம் அந்த ஏடுகளின் விளிம்பில் நுழைந்து உள்ளே சிக்கிக்கொள்ளும். எவ்வளவு மழை பெய்தாலும் எளிதில் வெளியே வராது. அதனால், உழப்படாத நிலத்தில் பெரும்பகுதிச் சீசியம் மேலே உள்ள ஐந்து சென்டிமீட்டருக்குள்ளேயே நின்றுவிட்டது.

இது நல்லதா கெட்டதா என்று கேட்டால், இரண்டும்தான். களிமண் பிடித்துக்கொண்டதால் சீசியம் நிலத்தடி நீருக்கு அவ்வளவாக இறங்கவில்லை. பயிருக்கும் அதிகம் ஏறவில்லை. அதே பிடிப்பினால்தான் மண்ணைக் கழுவிப் பிரிக்கவும் முடியவில்லை. எஞ்சிய வழி, மேல்மண்ணை அப்படியே பெயர்த்தெடுத்து வேறிடத்தில் வைப்பது. துப்புரவு என்று நாம் சொல்வது உண்மையில் இடமாற்றம்தான்.

0.23 என்ற எண்

எந்த நிலத்தைத் துப்புரவு செய்வது, எதை விடுவது? எங்கேயாவது கோடு போட்டாக வேண்டும். 2011 ஆகஸ்டில் ஜப்பான் இதற்கென ஒரு சிறப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மக்கள் வெளியேறிய பகுதிகளை நடுவண் அரசே துப்புரவு செய்யும். மற்ற இடங்களில், கதிர்வீச்சு மணிக்கு 0.23 மைக்ரோசீவர்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால், அங்குள்ள நகராட்சிகள் அரசின் உதவியோடு துப்புரவு செய்யும்.

சீவர்ட் என்பது கதிர்வீச்சு மனித உடலைப் பாதிக்கும் அளவைக் குறிக்கும் அலகு. அதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோசீவர்ட். ஆயிரம் மைக்ரோசீவர்ட் சேர்ந்தால் ஒரு மில்லிசீவர்ட். விபத்தினால் ஒருவருக்குக் கூடுதலாகச் சேரும் கதிர்வீச்சு ஆண்டுக்கு ஒரு மில்லிசீவர்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது நீண்டகால இலக்கு. அதிலிருந்து 0.23 எப்படி வந்தது? கணிப்பானை எடுத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் வெளியே இருக்கிறார், 16 மணி நேரம் மரவீட்டுக்குள் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் வரும் கதிர்வீச்சு வெளியே இருப்பதில் 0.4 பங்கு. வெளியே மணிக்கு 0.19 மைக்ரோசீவர்ட் என்றால், வெளியே இருக்கும் 8 மணி நேரத்தில் 1.52 சேரும். வீட்டுக்குள் இருக்கும் 16 மணி நேரத்தில் ஏறக்குறைய 1.22 சேரும். ஒரு நாளுக்கு மொத்தம் சுமார் 2.74. அதை 365 ஆல் பெருக்கினால் ஆயிரம் மைக்ரோசீவர்ட், அதாவது ஒரு மில்லிசீவர்ட். விபத்து நடக்காவிட்டாலும் தரையிலிருந்து இயற்கையாக வரும் 0.04ஐ 0.19உடன் கூட்டினால் 0.23.

அறிவியல் இதில் இருக்கிறது, ஊகமும் இருக்கிறது. வயலில் நாள் முழுதும் நிற்கும் உழவருக்கும் அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்கும் ஒரே எட்டு மணி நேரம்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது. இதே கணக்கைக் கொண்டுதான், விபத்து நடந்த அடுத்த மாதம், பள்ளித் திடல்களுக்கு மணிக்கு 3.8 மைக்ரோசீவர்ட் என்ற வரம்பு வைக்கப்பட்டது. அது ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்குச் சமம். பெற்றோர்கள் கொதித்தெழுந்தார்கள். தோக்கியோவுக்குச் சென்று கல்வி அமைச்சின் முன் கூடினார்கள். மே மாத இறுதியில் அமைச்சு, பள்ளிகளில் ஒரு மில்லிசீவர்ட்டை நோக்கிக் குறைப்போம் என்று அறிவித்தது. திடலும் மாறவில்லை, சூத்திரமும் மாறவில்லை. பிள்ளைகளுக்கு எவ்வளவு கதிர்வீச்சை ஏற்கலாம் என்ற முடிவுதான் மாறியது. அந்த முடிவை எந்தக் கருவியும் அளந்து சொல்லாது.

ஒரு சென்டிமீட்டரின் விலை

அடுத்து வருவது ஆழம். இதையும் ஒரு கணக்காகவே பார்ப்போம். 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட காற்பந்துத் திடலில் ஐந்து சென்டிமீட்டர் மண்ணை எடுத்தால் 357 கன மீட்டர் சேரும். ஃபுகுஷிமாவில் பயன்படுத்திய பெரிய கறுப்புப் பைகள் ஒவ்வொன்றும் சுமார் ஒரு கன மீட்டர் கொள்ளும். ஆக, 357 பைகள். இயந்திரத்தை ஓட்டுபவர் ஒரே ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகச் சுரண்டினால் இன்னும் 71 பைகள் சேரும். குறைவாகச் சுரண்டினாலோ சீசியம் தங்கிவிடும். மேடு பள்ளமான நிலத்தில் இந்த ஒரு சென்டிமீட்டரைக் காப்பது சாதாரணத் திறமை இல்லை.

துப்புரவுக்கு ஒரு வரிசையும் உண்டு. முதலில் கூரை, பிறகு தண்ணீர்த் தாரை, பிறகு சுவர், மரம், கடைசியில் தரை. தரையைச் சுரண்டிவிட்டுக் கூரையைத் துடைத்தால் கூரையின் அழுக்கு மீண்டும் தரையில் விழும். வீடு பெருக்கும் எவருக்கும் தெரிந்த விதிதான் இது.

வயல்களில் வேறொரு சிக்கல் வந்தது. மேலே உள்ள ஐந்து சென்டிமீட்டர்தான் மிகவும் வளமான மண். தலைமுறை தலைமுறையாக எருவும் வைக்கோலும் போட்டு உழவர்கள் பண்படுத்திய மண் அது. அதை எடுத்துப் பையில் கட்டிவிட்டு, மலையில் வெட்டிய சத்தில்லாத மண்ணைக் கொண்டுவந்து நிரப்பினால் பயிர் முன்போல் விளையுமா? அதனால் மாசு குறைவாக இருந்த வயல்களில் வேறு வழியைக் கையாண்டார்கள். ஆழமாக உழுது மேல்மண்ணைக் கீழேயும் கீழ்மண்ணை மேலேயும் புரட்டினார்கள். பொட்டாசிய உரத்தையும் கூடுதலாக இட்டார்கள். பயிரின் வேர் பொட்டாசியத்தையும் சீசியத்தையும் ஒரே வழியில் உறிஞ்சுகிறது. பொட்டாசியம் போதுமான அளவு இருந்தால் சீசியம் உள்ளே போவது குறையும்.

இந்த முறை பலித்தது. 2012 முதல் ஃபுகுஷிமாவில் அறுவடையான அரிசி மூட்டைகள் எல்லாமே, ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து மில்லியன் மூட்டைகள், கருவியில் வைத்துச் சோதிக்கப்பட்டன. உணவுக்கான வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல். ஒரு நொடியில் ஓர் அணு சிதைவதை ஒரு பெக்கரல் என்பார்கள். 2015-ஆம் ஆண்டு அறுவடை முதல் வரம்பைத் தாண்டிய மூட்டை ஒன்றுகூட அகப்படவில்லை.

காடுகளின் கதை வேறு. ஃபுகுஷிமா மாநிலத்தில் சுமார் 70 விழுக்காடு காடு. மலைச்சரிவின் மேல்மண்ணைச் சுரண்டினால் அடுத்த மழையில் சரிவே இறங்கி வந்துவிடும். ஆகவே, வீடுகளை ஒட்டிய காட்டு விளிம்பில் 20 மீட்டர் வரை சருகுகளை அள்ளினார்கள். அதற்கு அப்பால் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். காளான் பறித்தும் காட்டுக் கீரை பறித்தும் வாழ்ந்தவர்களுக்கு, வீடு திரும்பினாலும் காடு திரும்பக் கிடைக்கவில்லை.

கறுப்புப் பைகள்

பைகள் நிரம்பத் தொடங்கின. அவற்றை வைக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட தற்காலிக இடங்கள் உருவாயின. அவற்றில் பல, உழவர்கள் வாடகைக்குக் கொடுத்த வயல்கள். நெல் அசைந்த இடத்தில் கறுப்புப் பைகள் நான்கைந்து அடுக்காக நின்றன. “சுமார் மூன்று ஆண்டுகள்தாம்” என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. பல இடங்களில் அதற்கும் கூடுதலான காலம் ஆனது. சில பைகளைக் கிழித்துக்கொண்டு உள்ளிருந்து புல் முளைத்தது. 2015 செப்டம்பரில் பெய்த பெருமழையிலும் 2019 அக்டோபரில் வீசிய சூறாவளியிலும் பைகள் சில வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. எடுத்த மண்ணை எங்கே வைப்பது என்று முடிவு செய்யாமலே எடுக்கத் தொடங்கியதன் விளைவு இது. எனினும், முடிவுக்காகக் காத்திருந்தால் அவ்வளவு காலமும் பிள்ளைகள் அதே திடலில் விளையாட வேண்டியிருந்திருக்கும். அவசரப்பட்டார்கள் என்று குறை சொல்வது எளிதாக இல்லை.

கடைசியில், இடைக்காலச் சேமிப்புக் கிடங்கு ஒன்றை அமைக்க அரசாங்கம் இடம் கேட்டது. அணுமின் நிலையத்தைச் சுற்றி, ஓக்குமா, ஃபுத்தாபா என்னும் இரு சிற்றூர்களில் 1,600 ஹெக்டர் நிலம். அது புத்ராஜெயாவின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மாசு மிக அதிகமாக இருந்த இடம் அதுதான். எப்படியும் மக்கள் விரைவில் திரும்ப முடியாத இடம். திட்டமிடுபவரின் மேசையில் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஆனால், அந்த 1,600 ஹெக்டரில் வீடுகள் இருந்தன; வயல்கள், கோயில்கள், முன்னோரின் கல்லறைகள் இருந்தன. நில உரிமையாளர்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல். இன்றைக்குத் திரும்ப முடியாது என்பது ஒன்று. என்றைக்குமே திரும்ப முடியாது என்று கையொப்பம் இடுவது வேறு. அதிகாரிகள் ஒவ்வோர் உரிமையாளராகத் தேடிப் பேச வேண்டியிருந்தது. சிலர் விற்றார்கள். சிலர் விற்க மனமில்லாமல் குத்தகைக்கு மட்டும் கொடுத்தார்கள். தங்கள் மண்ணே நாட்டின் நிரந்தரக் குப்பைமேடாகிவிடும் என்ற அச்சம் எல்லாருக்கும் இருந்தது. அந்த அச்சத்துக்கு விடையாக ஒரு வாக்குறுதி சட்டத்திலேயே எழுதப்பட்டது. சேமிப்புத் தொடங்கி 30 ஆண்டுகளுக்குள், மண் முழுவதும் ஃபுகுஷிமா மாநிலத்துக்கு வெளியே கொண்டு செல்லப்பட்டு இறுதியாக அப்புறப்படுத்தப்படும் என்பதே அது. 2015 மார்ச்சில் முதல் கனவுந்துகள் பைகளோடு வந்தன. எனவே, கெடு 2045 மார்ச்.

அடுத்து வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 14 மில்லியன் கன மீட்டர் மண்ணும் கழிவும் அங்கே வந்து சேர்ந்தன. ஒலிம்பிக் நீச்சல் குளங்களில் நிரப்பினால் 5,600 குளங்கள் நிரம்பும். பைகளைப் பிரித்து, வேர், புல் முதலியவற்றைச் சலித்து நீக்கி, நீர் கசியாத விரிப்பு போட்ட பெரும் பள்ளங்களில் மண்ணை அடுக்கினார்கள். மேலே நல்ல மண்ணால் மூடினார்கள். அடியில் வடியும் நீரைத் தனியே சேகரித்துச் சுத்திகரித்தார்கள். எரியக்கூடியதை எரித்து, சாம்பலைத் தனிக் கட்டடங்களில் பூட்டி வைத்தார்கள்.

2045

இடையே காலமும் தன் பங்கைச் செய்கிறது. முப்பது ஆண்டுகளில் சீசியம் 134 இருபதாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிடும். சீசியம் 137 பாதியாகும். கிடங்கில் உள்ள மண்ணில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இப்போதே கிலோவுக்கு 8,000 பெக்கரலுக்கும் குறைவானது. அத்தகைய மண்ணைச் சாலைக்கரை போன்ற பொதுப்பணிகளின் அடிப்பகுதியில் இட்டு, மேலே நல்ல மண்ணால் மூடிப் பயன்படுத்தலாம் என்பது அரசாங்கத்தின் திட்டம். அப்படிச் செய்தால் வெளியே கொண்டு செல்ல வேண்டிய மண் வெகுவாகக் குறையும். இய்தாத்தேயின் நாகதோரோ பகுதியில் இதைச் செய்தும் பார்த்தார்கள். மூடிய மண்ணின் மேல் பயிர்கள் வளர்த்து அளந்தார்கள்.

ஃபுகுஷிமாவுக்கு வெளியே இதே சோதனையைச் செய்ய முயன்றபோது பழைய கதை திரும்பியது. தோக்கியோவின் ஷிஞ்சுக்கு பூங்காவிலும் சைத்தாமா மாநிலத்தின் தொக்கொரொசாவா நகரிலும் சிறிய அளவில் செய்து காட்டலாம் என்று சுற்றுச்சூழல் அமைச்சு 2022-இல் அறிவித்தது. அங்கே குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். கொரியாமா குப்பை நிலத்தின் அருகே குடியிருந்தவர்கள் சொன்ன அதே சொற்கள்தாம். இத்தனைக்கும் தோக்கியோவின் விளக்குகளுக்குப் பல்லாண்டுகளாக மின்சாரம் தந்தது அந்த ஃபுகுஷிமா நிலையம்தான்.

2025 ஜூலையில் இரண்டு கன மீட்டர் மண் தோக்கியோவுக்குக் கொண்டுவரப்பட்டது. பிரதமர் அலுவலகத்தின் முன்புறத் தோட்டத்தில் அதை இட்டு, நல்ல மண்ணால் மூடினார்கள். ஆபத்தில்லை என்று மக்களுக்குக் காட்டுவதே நோக்கம். மீதமுள்ள 14 மில்லியன் கன மீட்டரில் எது எங்கே போகும் என்பதற்கான இறுதி இடம் அப்போதும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கவில்லை. கெடுவுக்கு இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன.